ரயிலேறிப் போகலாமா?

எனக்கு ரயில் என்றால் பைத்தியம், சகோதரிகளே! லீவு விட்டால் போதும், பிள்ளைகளோடு பாரூரிலிருந்து பஸ்ஸில் தருமபுரி போய், அங்கே ரயிலேறி பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய்த் திரும்புவேன். கையில் புளியோதரையும் காய்ச்சி ஆறின தண்ணீரும் இருந்தால் வயிற்றுக்கு வம்பில்லை.

ஒரு பழங்கதை தெரியுமோ? பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவரவென்றே இந்தப் பக்கம் இரண்டரை அடி அகலத்தில் குட்டி ரயில் பாதை போட்டார்கள். 1905ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்தது; பிறகு எடுத்துவிட்டார்கள். கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்றும் ரயில் கிடையாது!

சோற்றை ஒதுக்குகிற என் சின்னவனிடம் ஜன்னலோரம் இதைச் சொன்னேன். "சோத்துக்காகவா ரயில் விட்டாங்க?" என்றவன், பொட்டலத்தை வழித்துச் சாப்பிட்டான். நீங்களும் சொல்லிப் பாருங்களேன்!