வாடகை வீடும் ஒன்றாம் வகுப்பும்

"மாமா, ஒரகடம் பக்கத்துல எங்க வீடு பார்த்தா பையனுக்கு நல்ல ஸ்கூல் கிடைக்கும்?" என்று என் அக்கா மகள் போன வருடம் கேட்டாள். மாப்பிள்ளைக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவளும் திருமணத்துக்கு முன் கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள்தான். பையனுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. சுலபமான கேள்வி என்று நினைத்து நானும் அவர்களோடு கிளம்பினேன்.

முதலில் பள்ளிக்கூடத்தைத்தான் பார்த்தோம். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே போகிற ஓர் ஊரில் ஒன்றிய நடுநிலைப் பள்ளி. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திக்காமல் தமிழ் வாசித்தார்கள். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வந்தது. அவளுக்குப் பிடித்துப்போனது. இரண்டு தெரு தள்ளி, 'வீடு வாடகைக்கு' என்று ஒரு போர்டு. வீட்டம்மா நன்றாகத்தான் பேசினார். ஐந்து மாத அட்வான்ஸ் என்றார், சரி என்றோம். அதன் பிறகு, "எந்த ஊரு தம்பி?" என்றார். மாப்பிள்ளை சொன்னார். "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. மறுநாள் போன் வந்தது: "எங்க தம்பி குடும்பமே வரப்போகுது, தப்பா நினைச்சுக்காதீங்க." இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். போர்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

இதேபோல இன்னும் மூன்று வீடுகள். ஒரு வீட்டில், "கவுச்சி சமைப்பீங்களா?" என்று கேட்டுத் தட்டிக் கழித்தார்கள். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் கோழிக்கறிக் கடை!

கடைசியில் ஊருக்கு வெளியே, வடமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்கு அருகில் இருக்கிற தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். அவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கே அதுதான்: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4. வகுப்புக்கு ஒருவர் வேண்டுமானால் 120-ஐத் தாண்ட வேண்டும். வசதி வந்த குடும்பங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்ப அனுப்ப, பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியரும் குறைகிறார். மிஞ்சுவது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் இருக்கிறதே என்பார்கள். அந்த இடத்துக்கும் வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், முகவரிச் சான்று வேண்டும். வாடகைக்கு எழுத்து ஒப்பந்தமே தராத உரிமையாளரிடம் எந்தச் சான்றைக் கேட்பது? போதாக்குறைக்கு, 2025-26-ல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் அந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது.

ஆக, வீடுதான் பள்ளியை முடிவு செய்கிறது. வீட்டை முடிவு செய்வது சாதி. இது புதிய கதை இல்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமெல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலத்தில், கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையைப் படித்துப் பாருங்கள். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்ததால், எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டே துரத்தப்படலாம் என்ற அச்சத்தில் நம் மக்கள் வாழ்ந்ததை அவர் பதிவு செய்தார். 1892-ல் பஞ்சமி நில அரசாணை வந்தது அந்த அறிக்கைக்குப் பிறகுதான். அன்று மிராசுதார் கையில் இருந்த சாவி, இன்று நிலத்தைக் கம்பெனிக்கு விற்று மாடி கட்டியவர் கையில் இருக்கிறது.

"அவர் வீடு, அவர் இஷ்டம்" என்பவர்களுக்கு ஒரு சட்டத்தை நினைவூட்ட வேண்டும். 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 4-வது பிரிவு. எந்தப் பகுதியிலும் ஒரு குடியிருப்பில் குடியேறுவதைத் தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம் என்கிறது அது. ஆனால் "தம்பி குடும்பம் வருது" என்ற ஒரு வரியை வைத்து எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது? சாதியை வாய்விட்டுச் சொல்லாமலே விரட்டும் வித்தையை எல்லோரும் கற்றுவிட்டார்கள்.

அதனால்தான் அரசே வீடு கட்ட வேண்டும் என்கிறேன். முடியாத காரியமா? வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். செலவு ரூ.706.50 கோடி. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது தனியாக வருகிற பெண்களுக்கானது. அவர்கள் கல்யாணம் முடித்து, கையில் ஒரு குழந்தையோடு நிற்கும்போது, "எந்தப் பக்கம்?" என்று கேட்கிற வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. சிப்காட் அதேபோல் குடும்பக் குடியிருப்புகளையும் கட்டி, குலுக்கல் முறையில் வாடகைக்கு விடட்டும். ஒவ்வொன்றையும் ஓர் ஒன்றியப் பள்ளிக்கு நடக்கிற தூரத்தில் கட்டட்டும். அந்தப் பள்ளியின் எண்ணிக்கை தானாக 120-ஐத் தாண்டும், ஆசிரியர்களும் வருவார்கள்.

அதுவரை வீடு தேடுகிற இளம் தம்பதிகளுக்கு ஒன்று சொல்வேன். 'இங்கிலீஷ் மீடியம்' போர்டை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். ஒரு வேலை நாளில் காலை உணவு நேரத்துக்குப் பள்ளிக்குப் போங்கள். பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா, தெருவாரியாகப் பிரிந்து உட்காருகிறார்களா என்று பாருங்கள். கழிப்பறையை யார் கழுவுகிறார்கள் என்று ஒரு சின்னப் பிள்ளையிடம் கேளுங்கள். 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் ஒரு தலைமையாசிரியை கைதானது நினைவிருக்கும். சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் கேளுங்கள். முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் அளவுக்கு இடம் தர வேண்டும் என்பது சட்டம். ஷிப்ட் முடிந்து தூங்கப் போகிற நேரத்தில் கூட்டம் என்றாலும் போய் உட்காருங்கள்.

அக்கா மகள் இன்னும் விடவில்லை. வருகிற ஜூனில் பையன் ஒன்றாம் வகுப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் படப்பை பக்கம் வீடு பார்க்கப் போகிறோம். அட்வான்ஸ் பணம் தயாராக இருக்கிறது.