பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு?

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இரண்டரை ஏக்கர் நிலம். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும்தான் வெள்ளாமை. மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருக்கிறாள். வேளாண்மை படிக்கவேண்டும் என்பது அவள் விருப்பம். வணிகவியல் எடுத்தால் வங்கி வேலை கிடைக்கும் என்பது அப்பாவின் கணக்கு. நர்சிங் போதும் என்கிறார் அம்மா. தாய்மாமனோ, நாமக்கல் பக்கம் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்த்தால்தான் மதிப்பெண் வரும் என்று சொல்லி, முன்பணம் கட்ட நாளும் குறித்துவிட்டார். பணத்துக்கு வழி? பட்டறையில் இருக்கும் விதை வெங்காயத்தை விற்பதா என்று கேட்டிருக்கிறார். "மண்ணிலிருந்து தப்பிக்கத்தான் படிக்க வைக்கிறேன். அவள் மறுபடியும் மண்ணுக்கே போகிறேன் என்கிறாளே" என்பது கடிதத்தின் கடைசி வரி.

முதலில் பிரிவைப் பார்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. ஆனால் அறிவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும். வணிகவியல் எடுத்துவிட்டால் வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை மருத்துவம் மூன்றும் கையைவிட்டுப் போய்விடும். அம்மா சொல்லும் நர்சிங் பட்டப்படிப்புக்கும் அறிவியல் பிரிவுதான் வேண்டும். அறிவியல் படித்தவர் பிறகு பி.காம். பக்கம் போகலாம், வங்கித் தேர்வையும் எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். வணிகவியல் படித்தவர் வேளாண்மைக்குத் திரும்பி வர முடியாது.

அறிவியலிலும் இரண்டு வழி. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் சேர்ந்த முதல் பிரிவு எடுத்தால், வேளாண்மையோடு வேளாண் பொறியியலுக்கும் பிற பொறியியல் படிப்புகளுக்கும் போகலாம். கணிதத்துக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் என்று படிக்கும் பிரிவில் பொறியியல் மட்டும் போய்விடும். வேளாண்மை, கால்நடை மருத்துவம், நர்சிங் மூன்றும் நிற்கும். பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத்தடுமாறிய பிள்ளையை, பெருமைக்காக முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம். தரவரிசைக்குக் கணித மதிப்பெண்ணும் சேரும். அது இறங்கினால் மொத்தமும் இறங்கும். சில மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் பாடம் உண்டு. அதில் படித்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் இடங்கள் குறைவு.

அடுத்தது தாய்மாமன் யோசனை. இங்கேதான் நிதானம் வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2021-ம் ஆண்டின் சட்டப்படி வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், பொறியியல், சட்டம் ஆகியவை இதில் அடங்கும். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இது போக, புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். கடைசி இரண்டு வருடத்துக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால், ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்தும் இந்த இரண்டும் கிடைக்காது. காசைக் கொடுத்து உரிமையை இழப்பதுதான் மிச்சம்.

உள்ளூர்ப் பள்ளியில் அறிவியல் பிரிவு இல்லையென்றால், பஸ் போகும் தூரத்தில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியைப் பார்க்கலாம். மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது.

பட்டப்படிப்பு கிடைக்காவிட்டாலும் வழி முடிந்துவிடாது. இரண்டு ஆண்டு வேளாண்மைப் பட்டயப் படிப்பு உண்டு. உதவி வேளாண்மை அலுவலர் வேலைக்கு அந்தப் பட்டயம்தான் தகுதி. வேளாண்மை அலுவலர் வேலைக்குப் பட்டம். உரம், பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கும் கல்வித்தகுதி கேட்கிறார்கள். பிளஸ் டூ முடிவு வந்ததும் வெளிமாநிலக் கல்லூரி ஏஜென்ட்டுகள் வீடு தேடி வருவார்கள். அந்தக் கல்லூரிக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

கடிதத்தின் நடுவில் இன்னொரு செய்தி இருக்கிறது. போன வருடம் வெங்காயத்தில் திருகல் நோய் வந்தபோது, மகள் நான்கு செடிகளை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டு, வேளாண் விரிவாக்க மையத்துக்கு எடுத்துப் போய்க் காரணம் கேட்டு வந்தாளாம். அப்பா அதை ஒரு குறும்புபோல எழுதியிருக்கிறார். எந்தப் பிரிவு என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. அவள் மண்ணுக்குள் சிக்கப் போகவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் நஷ்டப்படுத்திய ஒன்றைத் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

ஆகவே, கணக்கு வருமென்றால் முதல் பிரிவு. வராதென்றால் தாவரவியல், விலங்கியல் பிரிவு. எதுவானாலும் அரசுப் பள்ளியிலேயே. ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்கி வைக்கலாம். ஏக்கருக்கு 600 கிலோ விதை வெங்காயம் வேண்டும். வைகாசிப் பட்டம் நெருங்குகிறது. பட்டறையில் இருப்பது வயலுக்கே போகட்டும்.