பீரோவில் தூங்கிய ரிப்போர்ட்

போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து கை அலம்பிக்கொண்டிருந்தபோது, தூரத்து உறவுப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மண்டபத்துச் சாமான் அறைக்குள் அழைத்துப் போனாள். கதவை லேசாகச் சாத்திவிட்டு, "அக்கா, உங்க பையனுக்கு ஏதோ சர்டிபிகேட் வாங்கினீங்களாமே, நிஜமா?" என்றாள். திருட்டு நகையைப் பற்றி விசாரிக்கிற மாதிரி ஒரு குரல்!

அவளுடைய பெண் நாலாம் கிளாஸ். வாயைத் திறந்தால் கதை கதையாகச் சொல்வாளாம். நோட்டைத் திறந்தால் அழுகையாம். டீச்சர் 'பிடிவாதம்' என்கிறாராம். குழந்தை டாக்டரோ பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். "செஞ்சுட்டா பேர் வந்துடுமேக்கா. நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வரப்போ என்ன பண்றது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். அந்தக் கதையை இந்த இதழில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் மூன்றாம் வகுப்புக்குப் போனது 2016-ல். மெட்ரிகுலேஷன் பள்ளி. திங்கட்கிழமைதோறும் டிக்டேஷன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே அவனுக்கு வயிற்றுவலி ஆரம்பித்துவிடும். வார்த்தைகளை நான் சொல்லிக் கொடுத்தால் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வான். எழுதச் சொன்னால் பத்தில் எட்டு தப்பு. நேற்று சரியாக எழுதியதை இன்றைக்குத் தப்பாக எழுதுவான். அதுதான் எனக்கு ஆத்திரம். 'தெரிஞ்சுக்கிட்டே பண்றான்' என்று ஸ்கேலால் அடித்திருக்கிறேன். ஒரு தடவை கை மணிக்கட்டு வீங்கிப்போய், மறுநாள் பள்ளிக்கு முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் மறைப்பதற்கில்லை.

ஞாபக சக்திக்கு லேகியம், வல்லாரை எல்லாம் ஆயிற்று. வல்லாரையை நான் குறை சொல்லவில்லை. துவையல் அரைத்தால் ருசியாகத்தான் இருக்கும். எழுத்துப் பிழைக்கு அது மருந்தில்லை, அவ்வளவுதான்.

மறு வருஷம் அவனுக்கு எட்டு வயது முடிந்ததும், டாக்டர் சொல்லி ஒரு மனநல நிபுணரிடம் காட்டினோம். முதலில் கண், பிறகு காது. இரண்டிலும் கோளாறில்லை. அப்புறம் புத்தி அளவுச் சோதனை. அதில் வயதுக்கு ஏற்றபடி நன்றாகவே இருந்தான். கடைசியில் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று தனித்தனியாகப் பார்த்து, 'டிஸ்லெக்ஸியா' என்று எழுதிக் கொடுத்தார். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று சொல்கிறார்களே, அந்த வகையில் ஒன்று.

அவர் பொறுமையாக விளக்கினார். இது புதுசாக வந்த வியாதியில்லையாம். 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர் ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். பெர்ஸி என்ற தன் பெயரையே எழுத்தை மாற்றிப் போட்டு எழுதுவானாம் அந்தப் பையன். ஆனால் பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்பது அவனுடைய வாத்தியாரின் அபிப்பிராயம். கேட்டபோது என் பையனுக்கே யாரோ ஜாதகம் எழுதியது போலிருந்தது. கண்ணில் கோளாறில்லை, சோம்பலும் இல்லை. ஒலியையும் எழுத்தையும் முடிச்சுப் போடுகிற இடத்தில் மூளைக்குச் சிரமம். இங்கிலீஷில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று என்பதால் அவஸ்தை ஜாஸ்தி. நம் தமிழிலும் இல்லாமல் இல்லை. 'கெ' என்ற எழுத்தையே பாருங்கள். காதுக்கு முதலில் கேட்பது 'க்'. கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு! ல, ள, ழ பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இத்தனையும் புரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? ரிப்போர்ட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பள்ளியில் கொடுத்தால் 'மாற்றுத்திறனாளி' என்று முத்திரை குத்திவிடுவார்களே என்ற பயம். என் மாமியாரும், "வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வளர்ந்தா சரியாப் போயிடும்" என்றார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு பேப்பரில் மூழ்கிவிட்டார்.

ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்தேன். சிறப்புப் பயிற்சி தெரிந்த ஒரு டீச்சரிடம் வாரம் இரண்டு நாள் அனுப்பினேன். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, எழுத்தின் ஓசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைத்தார் அவர். கண், காது, வாய், விரல் நான்கும் ஒரே சமயத்தில் வேலை செய்யவேண்டுமாம். "இதைத்தானே விஜயதசமி அன்னிக்கு நெல்லுல எழுத வெச்சோம்?" என்றார் மாமியார். வாசிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவந்தது. ஆனால் வகுப்பில் எல்லோரோடும் சேர்த்து மூன்று மணி நேரத்தில் எழுது என்றால்? பாதித் தாள் வெள்ளையாகவே திரும்பும்.

இப்படியே நாலு வருஷம். நடுவில் கொரோனா வேறு. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒருநாள் பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். வரலாறு பாடத்தை வகுப்பு முழுக்கக் கேட்க வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தடுமாறினான், சிரித்தார்கள். "அம்மா, எனக்கு என்னன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரே, அதை ஏம்மா மிஸ்கிட்ட காட்டல? நான் முட்டாள்னே எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க" என்றான்.

பேர் வந்துவிடும் என்று நான் பயந்தேனே, பேர் எப்போதோ வந்துவிட்டது! சரியான பேரைச் சொல்லாததால் தப்பான பேர் வந்திருந்தது.

மறுநாளே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மாதிரிதான். "பார்த்துக்கறோம், கவலைப்படாதீங்க" என்று காபி கூடக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது குழந்தைகளை வைத்து மாரடிக்கிற டீச்சருக்கு வாய்வார்த்தை எத்தனை நாள் ஞாபகம் இருக்கும்? இரண்டாம் தடவை கடிதமாக எழுதிப் போனேன். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொண்டேன். இதைத்தான் ஒவ்வொரு தாய்க்கும் அழுத்திச் சொல்வேன். 'என் பிள்ளைமேல் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்' என்று எழுதாதீர்கள். இன்னின்னது வேண்டும் என்று எழுதுங்கள். வகுப்பு முன்னால் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லவேண்டாம். போர்டில் உள்ளதை முழுக்க எழுதி முடிக்காவிட்டால் குறிப்பை ஜெராக்ஸ் எடுக்க அனுமதிக்கவேண்டும். சயின்ஸ் விடையில் விஷயம் சரியாக இருந்தால் எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்கவேண்டாம். பரீட்சைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்டது.

"இதுக்கெல்லாம் ரூல் இருக்கா?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். இருக்கிறது. 1995-ல் வந்த பழைய ஊனமுற்றோர் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதன் 16-ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளிலும் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்து, தகுந்தபடி சொல்லிக் கொடுக்க ஏற்பாடு வேண்டும் என்கிறது. அந்தப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கடிதத்தோடு வைத்திருந்தேன். சண்டைக்குப் போகவில்லை. டீச்சருக்கும் கையில் ஒரு பிடிமானம் வேண்டாமா?

அரசு சான்றிதழ் வாங்குவது தனிக் கதை. தனியார் டாக்டர் ரிப்போர்ட் மட்டும் பொதுத் தேர்வுக்குப் போதாது. விண்ணப்பம், அரசு ஆஸ்பத்திரி, மருத்துவக் குழு என்று மூன்று தடவை பஸ் ஏறினோம். நாங்கள் வாங்கியபோது இருந்த விதிப்படி, எட்டு வயதுக்குமேல்தான் சான்றிதழ். 14-லும் 18-லும் மறுபடி சோதனை. நான் தாமதித்த லட்சணத்தில், வாங்கிய அடுத்த வருஷமே மறுபடி வரிசையில் நின்றோம்!

நம் மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வில் இந்தக் குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஓர் ஆள், கணக்குக்குக் கால்குலேட்டர், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு என்று சலுகைகள் உண்டு. ஆனால் தானாக வராது. பள்ளி மூலமாக விண்ணப்பிக்கவேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதங்களைச் சேர்த்துவிடுவது நல்லது. மொழி விலக்கை மட்டும் யோசித்துக் கேளுங்கள் என்பது என் அபிப்பிராயம். பின்னால் எந்தப் படிப்புக்குப் போகப்போகிறான், அங்கே அந்த மார்க் கேட்பார்களா என்று விசாரித்துக்கொள்வது உத்தமம். என் மகன் வேண்டாம் என்றுவிட்டான்.

சொல்லி எழுத வைப்பது சுலபம் என்று நினைத்தோம். இல்லை! யோசனை ஓடுகிற வேகத்தில் எழுதுபவர் கை ஓடாது. இவன் மூன்றாம் வரிக்குப் போயிருப்பான், அவர் முதல் வரியில் இருப்பார். பழக்கவேண்டுமே, யாரை வைத்து? என் மாமியார்தான் முன்வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்காருவார். "மெதுவாச் சொல்லுடா, எங்கே ஓடறே?" என்று அதட்டுவார். 'வளர்ந்தா சரியாப் போயிடும்' என்றவர், இவன் விடையில் ஒரு பாயின்ட் விட்டுப்போனால் எடுத்துச் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

2024-ல் பத்தாவது பாஸ் செய்தான். பிரமாதமான மார்க் இல்லை. ஆனால் எல்லாத் தாளையும் முடித்துவிட்டு வந்தான். இப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்கிறான்.

சாமான் அறையில் நின்றபடி இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் வெளியே தாம்பூலப் பையே தீர்ந்துவிட்டது. அந்தப் பெண், "என்ன எழுதறதுன்னு தெரியலையேக்கா" என்றாள். மறுநாள் வீட்டுக்கு வரச் சொன்னேன். கடிதத்தை என் மகன் வாயால் சொல்ல, அவன் பாட்டி எழுதினார். இரண்டு பிரதி. வருகிற திங்கட்கிழமை அவளோடு நானும் அந்தப் பள்ளிக்குப் போகிறேன்.