குற்றவுணர்வும் இல்லற இணக்கமும்

திருக்குறளின் இறுதி அதிகாரம் ‘ஊடலுவகை’. பிணக்கும் இல்லறத்தின் ஒரு கூறே. ஆயினும், அது பகையாக முற்றுவதேன்? பிழை செய்தவரின் மனம் எத்திசையில் திரும்புகிறது என்பதில் விடை இருப்பதாக நாம் கருதுகிறோம்.

மனைவியின் சேமிப்பைக் கேளாமல் செலவழித்த கணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். ‘தவறிழைத்தேன்’ என்று வருந்துபவன் மன்னிப்புக் கேட்பான். பணத்தையும் திருப்பித் தருவான். ‘நானே இழிந்தவன்’ என்று குமைபவனோ அவள் முகம் காணக் கூசுவான். அவள் ஒரு சொல் கேட்டாலும் சீறுவான். முன்னதைக் குற்றவுணர்வு என்றும் பின்னதை அவமானவுணர்வு என்றும் உளவியலார் பிரிப்பர். தவறுதல் மனித இயல்பென உணர்ந்து தன்பால் பரிவு கொள்பவனுக்கே முதல்வழி எளிதாகும்.

அப்பரிவு பிழைக்குச் சாக்காகாதோ எனப் பெரியோர் வினவலாம். தவ்பாவின் நெறியே அதற்கு மறுமொழி. வருந்துதல், விலகுதல், மீண்டும் செய்யாதிருக்க உறுதி பூணுதல், பிறர் உரிமையைப் பறித்திருப்பின் ஈடுசெய்தல் ஆகியன அதன் நிபந்தனைகள். தன்னை வதைத்துக்கொள்ளல் அவற்றுள் ஒன்றன்று. இறையருளில் நம்பிக்கையிழத்தலோ விலக்கப்பட்டது.

தம்பதியரிடையே அன்பும் கருணையும் அமைந்திருப்பதை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 30-ஆம் அத்தியாயம் காட்டுகிறது. இல்லறம் புகவிருக்கும் மாணவ மாணவியர் ‘தவறு என்னுடையது’ என்று கூசாமல் சொல்ல இன்றே பழகுவாராக!