எஞ்சினும் பெட்டியும்

சென்ற மாதம் செம்பூரில் ஒரு திருமணத்திற்குப் போயிருந்தேன். பெண் வீட்டார் நாசரேத் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறையாகத் தாராவிவாசிகள். பிரசங்கம் செய்த போதகர் மணப்பெண்ணைப் பார்த்து, "குடும்பம் என்பது ஒரு ரயில் வண்டி. புருஷன் எஞ்சின், மனைவி பெட்டி. எஞ்சின் போகிற பக்கம் பெட்டி போகவேண்டும். தன் இஷ்டத்துக்குப் போனால் தடம் புரண்டுவிடும்" என்றார். சபையார் சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்த உறவினர் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, உங்கள் டிபார்ட்மெண்ட் விஷயமாயிற்றே என்பதுபோல் கண்ணைச் சிமிட்டினார்.

என் டிபார்ட்மெண்ட் விஷயம் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஐயரவர்கள் அன்று செம்பூருக்கு வந்து இறங்கிய லோக்கல் வண்டியில் எஞ்சினே கிடையாது! 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடிய முதல் மின்சார வண்டியிலேயே மோட்டார், பயணிகள் உட்காரும் பெட்டியோடுதான் இருந்தது. இன்றும் அப்படித்தான். ஒரு ரேக்கில் மோட்டார் உள்ள பெட்டிகள் சில, இல்லாதவை சில, எல்லாம் ஒரே வண்டி. போகும்போது மோட்டார்மேன் இருந்த முனையில் திரும்பி வரும்போது கார்டு இருப்பார். யார் முன், யார் பின் என்று நிரந்தரமாக எழுதி வைத்தால் வண்டி டெர்மினஸிலேயே நின்றுவிடும். அந்த மோட்டார்மேன் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. சாத்தாரா ஜில்லாவில் பிறந்த சுரேகா யாதவ் 2000-ஆம் ஆண்டு மும்பையில் லேடீஸ் ஸ்பெஷலை ஓட்டினார். 2023-இல் சோலாப்பூரிலிருந்து வந்தே பாரத்தையும் ஓட்டிக்கொண்டு வந்து, 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றார்.

நம் சங்கத்தில் எல்லா மதத்தினரும் இருக்கிறோம். இது கிறிஸ்தவர் வீட்டுச் சமாசாரம் என்று அன்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கல்யாண மேடையில் பெண்ணுக்கு மட்டும் புத்திமதி சொல்லும் வழக்கம் எந்த மதத்தில் இல்லை?

போதகர் எடுத்துக்கொண்ட வேதபாகம் பவுல் அப்போஸ்தலன் எபேசு சபைக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரம். மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற 22-ஆம் வசனத்திலிருந்து தொடங்கினார். கல்யாணங்களில் நான் கேட்ட பிரசங்கங்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. அதற்கு முந்திய 21-ஆம் வசனம் எல்லோரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. கிரேக்க மூலத்தின் மிகப் பழைய பிரதிகளில் 22-க்கென்று தனி வினைச்சொல்லே இல்லையாம். 21-இன் வினையைத்தான் கடன் வாங்கிக்கொள்கிறது. அப்படியிருக்க, 21-ஐ விட்டுவிட்டு 22-ஐ வாசிப்பது எப்படிச் சரியாகும்? மேலும் மனைவிக்கு மூன்று வசனத்தில் சொல்லி முடித்த பவுல், கணவனுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எழுதியிருக்கிறார். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல் மனைவியை நேசிக்க வேண்டும் என்பது அவனுக்கு இட்ட கட்டளை. கீழ்ப்படிவதைவிட இது கஷ்டமான வேலை. அன்று மாப்பிள்ளையைப் பார்த்து ஐயர் சொன்னது, "நல்லா வச்சுக்கணும், என்ன?" என்ற ஒரே வாக்கியம்.

பெண்கள் சபையில் பேசாமல் இருக்க வேண்டும் என்று அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறாரே என்று கேட்பார்கள். எழுதியிருக்கிறார். ஆனால் அதே கடிதத்தில் மூன்று அதிகாரத்துக்கு முன்னால், பெண்கள் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ளச் சொல்கிறார். வாயைத் திறக்கவே கூடாது என்றால் முக்காடு பற்றிய விதி எதற்கு? ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தில் அவர் பெயர் சொல்லிப் பாராட்டுகிறவர்களில் முதலில் வருபவள் பெபேயாள் என்ற பெண். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. பவுல் தன்னைக் குறித்துச் சொல்லும் அதே கிரேக்கச் சொல்லை அவளுக்கும் போட்டிருக்கிறார். அடுத்து வரும் பிரிஸ்கில்லாளின் பெயரைப் புருஷன் பெயருக்கு முன்னால் வைத்திருக்கிறார். இந்த அதிகாரத்தை வைத்து ஒரு கல்யாணப் பிரசங்கம் நான் கேட்டதில்லை.

புருஷன் தலை என்ற போதனையால் நன்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். என் தகப்பனார் காலத்தில் குடித்துவிட்டு வந்து அடிக்கிற ஆளை ஐயர் கூப்பிட்டு, "நீ தலையா? தலை செய்கிற வேலையா இது?" என்று கேட்டு அடக்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொறுப்பைச் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான். அதிகாரத்துக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் கோளாறு.

தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் உள்ள நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் பாதிக்கு மேல் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். அந்தச் சீமையில் சபை எப்படி ஆரம்பித்தது? பாளையங்கோட்டையில் 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். முதல் பெயர் கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்துவந்தாள். ஞானஸ்நானம் கேட்டபோது, முறையான திருமணம் இல்லை என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778-இல்தான் கொடுத்தார். அதே வீட்டில் வாழ்ந்த வெள்ளைக்காரர் ஏற்கனவே ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர் என்பதையும் நாம் யோசிக்கவேண்டும். அந்தப் பெண் சோர்ந்துவிடவில்லை. தன்னைச் சுற்றி ஒரு சிறு சபையைச் சேர்த்தாள். ஆலயம் கட்டினாள், 1785-இல் அதே சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே சொல்லி வந்தார்கள். சபையை நடத்தத் தஞ்சாவூரிலிருந்து வந்த உபதேசியார் சத்தியநாதனுக்குப் பின்னர் குருப்பட்டம் கிடைத்தது. முதல் பெயர்க்காரிக்கு அப்படி ஒரு பேச்சே எழவில்லை.

நாம் குடியேறிய இந்த மராட்டிய நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. புனேயிலிருந்து தவுண்ட் போகும் வழியில் கேட்காவ் என்ற சிறிய ஸ்டேஷன். அங்கேதான் பண்டித ரமாபாயின் முக்தி மிஷன் இருக்கிறது. ரமாபாய் 1878-இல் கல்கத்தா பண்டிதர்கள் கூடிய சபையில் பேசி, சரஸ்வதி என்ற பட்டம் வாங்கியவர். 1883-இல் இங்கிலாந்தில் கிறிஸ்தவரானார். அங்கே செல்ட்டனம் கல்லூரியில் இருந்தபோது ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்ற யோசனை வந்தது. அது கூடாது என்று எழுதியவர்களில் ஒருவர் நம்முடைய பம்பாய் பிஷப்! பண்டிதர்களுக்கு இல்லாத பயம் பிஷப்புக்கு வந்தது. ரமாபாய் திரும்பி வந்து 1889-இல் பம்பாயில் சாரதா சதனம் என்ற பள்ளியைத் தொடங்கினார். பிறகு கேட்காவில் இருந்துகொண்டே எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமம் முழுவதையும் எளிய மராட்டியில் மொழிபெயர்த்தார். எழுத்துக் கோத்து அச்சடித்தவர்களும் அங்கிருந்த பெண்களே. 1922-இல் அவர் காலமானபோது கையில் இருந்த வேலை அதுதான்.

சபைகளின் இன்றைய நிலை ஒன்றுபோல் இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் பெண் குருமார் இருக்கிறார்கள். 2013-இல் நந்தியால் அத்தியட்சத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். கான்டர்பரியின் பேராயராக 2025 அக்டோபரில் சாரா முல்லல்லி என்ற பெண்மணியை அறிவித்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில், பெண்களுக்குக் குருப்பட்டம் தரச் சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994-இல் போப் இரண்டாம் ஜான் பால் முடித்துவிட்டார். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016-இலும், வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி கொடுக்கலாம் என்று 2021-இலும் போப் பிரான்சிஸ் வழி திறந்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2010-இல் ஆண் பெண் சமத்துவக் கொள்கை ஒன்றை அச்சிட்டே வெளியிட்டது. மாஹிம் நோவினாவுக்குப் புதன்கிழமை தவறாமல் போகும் என் நண்பரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். கேள்விப்பட்டதே இல்லை என்றார். இயேசு தெரிந்தெடுத்த பன்னிரண்டு பேரும் ஆண்கள்தானே என்றும் சொன்னார். பன்னிரண்டு பேரும் யூதர்கள்கூடத்தான். அதனால் தமிழனுக்குக் குருப்பட்டம் இல்லை என்று யாரும் சொல்லவில்லையே என்றேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பிஷப்புகளை விடுங்கள். நம் கையில் இருப்பது நம் ஊர்ச் சபைக் கமிட்டி. இதில் நானே குற்றவாளி. இருபது வருடங்களுக்கு முன் நான் கமிட்டியில் இருந்த சபையில் (பெயர் வேண்டாம்) பொக்கிஷதாரர் பதவிக்குத் தாராவியைச் சேர்ந்த ஒரு சகோதரியின் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். காலையில் இட்லி வியாபாரம் செய்தவள். நாற்பது பெண்களின் சீட்டுக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி, ஒரு ரூபாய் பிசகாமல் நடத்தியவள். நம் ஊர் வழக்கப்படி ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியை வீடு வீடாகச் சேர்த்து, விற்று, மிஷனெரிப் பணத்துக்குக் கட்டியவளும் அவளே. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ராத்திரி பத்து மணி வரை மீட்டிங் நடக்கும், பெண்பிள்ளை எப்படி வர முடியும்?" என்றேன் நான். விஷயம் அதோடு முடிந்தது. மீட்டிங்கை ஆறு மணிக்கு வைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காலை நாலு மணிக்கு இருட்டில் எழுந்து மாவுப் பாத்திரம் தூக்குகிறவளுக்கு ராத்திரி பத்து மணி என்ன பெரிய காரியம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த வருடம் நாங்கள் தெரிந்துகொண்ட ஆண் பொக்கிஷதாரரின் கணக்கைச் சரிபார்க்க இரண்டு ஆடிட்டர் தேவைப்பட்டது.

செம்பூர் கல்யாணத்திலிருந்து திரும்பியதும் அந்தச் சகோதரியைப் பார்க்கப் போனேன். சபைத் தேர்தல் வருகிறது, இந்த முறை நானே உங்கள் பெயரை முன்மொழிகிறேன் என்று சொல்லி, அன்று செய்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"எனக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல அண்ணாச்சி. என் மருமவ பேர எழுதிக்கிடுங்க. பேங்க்ல வேல பாக்கா. மீட்டிங்க மட்டும் ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச ஒடனே வைங்க."