கடலை வெறுத்த கப்பல் பிரயாணி

புருஷனும் மனைவியுமாக யாத்திரை புறப்படுவது நம் தேசத்தில் புதிய வழக்கமல்ல. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் தம்பதி சமேதராய்ப் போய் வந்தவர்கள் எந்தக் குடும்பத்திலும் உண்டு. ஆனால், ஊர் திரும்பிய பிறகு திண்ணையில் உட்கார்ந்து யாத்திரைக் கதையை விஸ்தாரமாகச் சொல்லுகிறவர் எப்போதும் புருஷன்தான். கட்டுசாதம் கட்டியது யார், வழியில் ஜுரம் கண்டபோது கஷாயம் வைத்துக் கொடுத்தது யார், மூட்டை முடிச்சுகள் தொலையாமல் காத்தது யார் என்பவை அந்தக் கதையில் வருவதில்லை. அடுப்பங்கரையில் இருக்கும் அம்மாளைக் கேட்டால் முற்றிலும் வேறொரு யாத்திரை வெளிப்படும்.

இக்காலத்துத் தம்பதிகள் தீவுகளை நாடிச் செல்கிறார்கள். அந்தமான், மாலத்தீவு, பாலி என்று பெயர்கள் அடிபடுகின்றன. நாலு நாள் கடற்கரை, இரண்டு நாள் மலை, கணக்கில்லாத புகைப்படங்கள். இதில் நமக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. ஆயினும் தீவு யாத்திரை என்ற பேச்சு எழும் போதெல்லாம் நமக்கு ஒரு தம்பதியின் ஞாபகம் வருகிறது. ‘பொக்கிஷத் தீவு’ என்னும் கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள் நேயர்களில் சிலரே இருப்பார்கள். அதை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனும், அவருடைய மனைவி பான்னி அம்மாளுமே அந்தத் தம்பதி.

ஸ்டீவன்ஸன் 1850-ம் வருஷம் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தவர். அவருடைய குடும்பத்தார் கலங்கரை விளக்கங்கள் கட்டிப் பெயர் பெற்றவர்கள். அவருக்கோ சிறு வயது முதல் மார்பில் வியாதி; இருமலும், இரத்தம் கக்குவதும், மாதக்கணக்கில் படுக்கையும். பான்னி அம்மாள் அமெரிக்கர். ஸ்டீவன்ஸனைவிடப் பத்து வயது மூத்தவர். ஏற்கெனவே விவாகமாகிக் குழந்தைகளும் உடையவர். முதல் விவாகம் சட்டப்படி ரத்தான பிறகு, 1880-ம் வருஷம் இருவரும் சான் பிரான்ஸிஸ்கோவில் மணந்துகொண்டனர். அக்காலத்து எடின்பரோவில் இதைப் பற்றி என்னென்ன பேசியிருப்பார்கள் என்று நாம் எழுத வேண்டியதில்லை. மாப்பிள்ளை அப்போது இருந்த நிலையில், அது கல்யாணமா அல்லது சிசுருஷையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

1888-ம் வருஷம், குளிர் தேசங்களில் இனி வாழ இயலாது என்று ஏற்பட்டது. தென் கடல் தீவுகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டுமென்பது ஸ்டீவன்ஸனின் ஆசை. அவருக்குக் கடல் என்றால் உயிர். கப்பலில் ஏறியவுடன் பாதி வியாதி போய்விடும். பான்னி அம்மாளுக்கோ கடல் என்றால் பயம், வெறுப்பு, வாந்தி. இதை அவர் எங்கும் மறைத்ததில்லை. தம் கடிதங்களிலேயே எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் சான் பிரான்ஸிஸ்கோவில் விசாரித்து, ‘காஸ்கோ’ என்ற பாய்க் கப்பல் வாடகைக்குக் கிடைக்குமென்று கண்டுபிடித்துத் தந்தி கொடுத்தவர் அவரே. கணவர் பிழைக்க வேண்டுமானால் தாம் கடலில் அவஸ்தைப்பட வேண்டும். இந்தக் கணக்கை அவர் ஒருமுறை போட்டு முடித்துவிட்டார். பிறகு இரண்டு வருஷம் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

1888 ஜூன் 28-ம் தேதி கப்பல் புறப்பட்டது. அதன் நீளம் சுமார் 95 அடிதான். அதில் தம்பதிகள் இருவரோடு, அம்மாளின் குமாரர், ஒரு பணிப்பெண், இவர்களுடன் ஸ்டீவன்ஸனுடைய தாயாரும் இருந்தார்! மாமியாருக்கு வயது 59. மாமியாரும் மருமகளும் 95 அடிக் கப்பலில் ஏழு மாத காலம் யாத்திரை செய்து, ஒருவரோடொருவர் பேசும் நிலையிலேயே கரை சேர்ந்தார்கள் என்பதைத் தென் கடலின் அதிசயங்களில் முதலாவதாக நாம் கருதுகிறோம்.

மார்க்குவெஸாஸ் தீவுகள், பவழத் தீவுகள், பிறகு டாஹிட்டி என்று கப்பல் சென்றது. மார்க்குவெஸாஸின் மலைகள் கடலிலிருந்து நேராகச் செங்குத்தாக எழுபவை. பவழத் தீவுகளோ தென்னைமரத்தைத் தவிர உயரமான வஸ்து வேறொன்றும் இல்லாதவை. இந்த அழகையெல்லாம் ஸ்டீவன்ஸன் எழுதியிருக்கிறார். டாஹிட்டியில் அவருக்கு வியாதி முற்றியபோது நடந்ததுதான் நமக்கு முக்கியமாகப் படுகிறது. பான்னி அம்மாள் கரையில் இறங்கி அலைந்து, ஒரு சீனரிடம் வண்டியும் குதிரைகளும் பிடித்து, நினைவு தப்பிக் கிடந்தவரை அதில் ஏற்றிக் காட்டாறுகளைக் கடந்து டவுடிரா என்ற கிராமத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்தார். அங்கே மோயே என்ற ராஜகுமாரி வந்து பார்த்து, நோயாளியைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். ஓரி என்ற கிராமத் தலைவன் தன் வீட்டையே விட்டுக் கொடுத்தான். கப்பலின் பாய்மரங்கள் உளுத்துப்போயிருப்பது தெரிந்து, பழுது பார்க்கக் கப்பல் போய்விட்டது. கையில் பணமும் குறைந்துவிட்டது. “நீங்கள் என் சகோதரர், இருக்கிறவரையில் இருங்கள்” என்ற பாவனையில் ஓரி அவர்களை வைத்துக் காப்பாற்றினான். பெயரை மாற்றிக்கொண்டு சகோதரர்களாவது அத்தீவின் ஆசாரம். ஸ்டீவன்ஸனும் ஓரியும் அவ்விதமே மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்தபடி ஹோனலூலு. அங்கிருந்து ஸ்டீவன்ஸன் மட்டும் மொலோகாய் தீவுக்குச் சென்றார். குஷ்டரோகம் கண்டவர்களை ஹவாய் அரசாங்கம் கொண்டுபோய் ஒதுக்கி வைத்திருந்த இடம் அது. அவர்களுக்குத் தொண்டு செய்து தாமும் அந்நோயினால் மாண்ட பாதிரி டேமியன் இறந்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. டேமியனை இகழ்ந்து வேறொரு பாதிரி எழுதிய கடிதத்துக்கு, 1890-ல் ஸ்டீவன்ஸன் அச்சிட்டு வெளியிட்ட பதில் பிரஸித்தமானது.

பிறகு கொப்பரை வியாபாரக் கப்பலொன்றில் ஏறிக் கில்பர்ட் தீவுகளுக்குப் போனார்கள். அபெமாமா தீவின் அரசன் டெம்பினோக் வெள்ளைக்காரர்களைத் தன் தீவில் எளிதில் தங்க விடுவதில்லை. இவர்களுக்கு அனுமதி கொடுத்து வீடும் கொடுத்தான். பான்னி அம்மாள் அவனுடைய ராஜ்யத்துக்கு ஒரு கொடி வரைந்து கொடுத்தார். 1889 டிசம்பரில் ஸமோவா தீவுகளின் ஆப்பியா துறைமுகம் வந்து சேர்ந்தார்கள். உப்போலு என்ற தீவில், துறைமுகத்திலிருந்து மூன்று மைல் உள்ளே, வாயியா மலையின் அடிவாரத்தில் முந்நூறு ஏக்கருக்கு மேல் காட்டு நிலம் வாங்கினார்கள். அதன் பெயர் வைலிமா.

1890-ல் ஸிட்னி நகரத்துக்குப் போன இடத்தில் ஸ்டீவன்ஸன் மறுபடியும் படுத்துவிட்டார். மறுபடியும் கடல்! மறுபடியும் துறைமுகத்தில் கப்பல் தேடி அலைந்தவர் பான்னி அம்மாள். ‘ஜானெட் நிகால்’ என்ற நீராவிக் கப்பலின் சொந்தக்காரர்கள் முதலில் மறுத்தும், அவர் விடாமல் வாதாடி இடம் வாங்கினார். அந்தப் பிரயாணத்தில் கப்பல் அறைக்குள் வாண வெடிகள் தீப்பற்றிக்கொண்டன. எரிகிற பெட்டி ஒன்றை மாலுமிகள் கடலில் எறியப் போகும் தருணத்தில் அம்மாள் ஓடிப் போய்த் தடுத்தார். அதில் இருந்தவை ஸ்டீவன்ஸனின் கையெழுத்துப் பிரதிகள். இலக்கிய சரித்திரத்தில் இம்மாதிரி சம்பவங்களை அடிக்குறிப்பில் போடுவது வழக்கம். பெட்டி கடலுக்குள் போயிருந்தால் அடிக்குறிப்பு எதற்குப் போடுவார்கள் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

வைலிமாவில் குடியேறிய பிறகு அம்மாள் காட்டை வெட்டித் திருத்தினார். வெளியூரிலிருந்து விதைகள் தருவித்தார். வெறுங்காலோடு சேற்றில் நின்று காய்கறி பயிரிட்டார். கொக்கோக் கன்றுகள் நட்டார். ஸ்டீவன்ஸனும் களை எடுப்பதில் உற்சாகம் உடையவரே. ஆனால் ஒருநாள் அவர் மனைவியைப் பார்த்து, உனக்கு இருப்பது கலைஞரின் ஆத்மா அல்ல, குடியானவரின் ஆத்மா என்று சொல்லிவிட்டார். அது அம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. தம் தினக்குறிப்பில் அதை எழுதி வைத்தார். அந்தக் குறிப்பு 1955-ல்தான் புத்தகமாக வந்தது. அதற்குள் யாரோ பல இடங்களில் மையைப் பூசி மறைத்திருந்தார்கள். உழவுக்கென்று தனி அதிகாரமே வகுத்த திருவள்ளுவர் பிறந்த நாட்டில் அந்த வார்த்தையை யாரும் வசவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சொன்னவரின் குரல் எப்படி இருந்தது என்பது கேட்டவருக்கு அல்லவா தெரியும்?

இவர்கள் வந்து சேர்ந்த ஸமோவா அப்போது சாந்தமான தீவாக இல்லை. ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதன்மேல் கண் வைத்திருந்தன. 1889 மார்ச்சு மாதம் ஆப்பியா துறைமுகத்தில் மூன்று ஜெர்மன் யுத்தக் கப்பல்களும், மூன்று அமெரிக்கக் கப்பல்களும், ஒரு பிரிட்டிஷ் கப்பலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. பெரும் புயல் ஒன்று அடித்தது. பிரிட்டிஷ் கப்பல் மட்டுமே தப்பிக் கடலுக்குள் சென்றது. மற்ற ஆறும் மோதியும் மூழ்கியும் தரை தட்டியும் போயின. புயலுக்குப் பிறகும் வல்லரசுகள் திருந்தவில்லை. பெர்லினில் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதி, யார் ஸமோவாவின் அரசன் என்று தாங்களே தீர்மானித்தார்கள். ஜனங்களில் பெரும்பாலோர் மதித்த மடாபா என்ற தலைவர் ஒதுக்கப்பட்டார்.

சுகவாசத்துக்கு வந்தவர்கள் இதையெல்லாம் ஏன் கவனிக்க வேண்டும்? வராந்தாவில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஸ்டீவன்ஸன் அப்படிச் செய்யவில்லை. லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். 1892-ல் ஸமோவாவின் கஷ்டங்களைப் பற்றி ஒரு சரித்திரப் புத்தகமே வெளியிட்டார். அதே வருஷக் கடைசியில், ஸமோவா அரசாங்கத்துக்கு விரோதமாக எழுதும் பிரிட்டிஷ் பிரஜைகளைத் தண்டிக்கலாம் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒரு விதி பிறப்பித்தார். பேனாவைக் கண்டு அதிகாரம் நடுங்குவது எந்த மாதிரி என்பதை நம் தேசத்தாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1893-ல் சண்டை மூண்டு மடாபா தோற்றார். அவரை மார்ஷல் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். அவருடைய கட்சித் தலைவர்களை ஆப்பியா சிறையில் அடைத்தார்கள். ஸ்டீவன்ஸன் குடும்பத்தார் சிறைக்குச் சென்று அவர்களைக் கண்டார்கள்; ஆகாரமும் புகையிலையும் கொடுத்தார்கள். 1894-ல் விடுதலையான தலைவர்கள் நேரே வைலிமாவுக்கு வந்து, உங்கள் வீட்டுக்கு நாங்கள் ஒரு சாலை போடுகிறோம் என்றார்கள். கூலி வேண்டாம், ஆகாரமும் எங்களுடையதே என்று சொல்லி, மண்வெட்டி எடுத்துப் பழகாத அந்தப் பிரபுக்கள் தங்கள் கையாலேயே போட்டு முடித்தார்கள். ‘அன்புள்ள இருதயங்களின் சாலை’ என்று அதற்குப் பெயர்.

சாலை முடிந்து அக்டோபர் மாதம் விருந்து நடந்தது. அதில் ஸ்டீவன்ஸன் பேசினார். உங்கள் நாட்டைக் காப்பாற்றிக்கொள்ள வழி யுத்தமல்ல; சாலை போடுங்கள், தோட்டம் வையுங்கள், மரங்களைப் பேணுங்கள்; நீங்கள் செய்யாவிட்டால் வேறொருவன் வந்து செய்வான், நிலமும் அவனுடையதாகிவிடும் என்ற கருத்துப்படச் சொன்னார். மனைவியிடம் குறையாகச் சொன்ன அதே குடியானவரின் ஆத்மாவை இப்போது ஒரு ஜாதிக்கே மருந்தாகச் சொல்லுகிறார். பான்னி அம்மாள் அப்போது என்ன நினைத்துக்கொண்டார் என்பது எந்தப் புத்தகத்திலும் நம் கண்ணில் படவில்லை.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 3-ம் தேதி, சில நாட்களாகவே ஏதோ கெடுதல் வரப்போகிறதென்று சஞ்சலப்பட்டுக்கொண்டிருந்த மனைவியைச் சிரிக்க வைக்க முயன்றுகொண்டே, மாலைச் சாப்பாட்டுக்கு அவரோடு சேர்ந்து ஏதோ கலந்துகொண்டிருந்த ஸ்டீவன்ஸன் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது. அன்றிரவே காலமானார், வயது 44. இத்தனை வருஷம் பயந்த நுரையீரல் அவரைக் கொல்லவில்லை. வாயியா மலையுச்சியில் தம்மை அடக்கம் செய்ய வேண்டுமென்று அவர் சொல்லியிருந்தார். அங்கே வழி கிடையாது. ஸமோவாக்காரர்கள் கோடரியும் கத்தியுமாகக் கூடி விடிவதற்குள் வேலையைத் தொடங்கிக் காட்டை வெட்டிப் பாதை உண்டாக்கி, மறுநாள் தோள் மாற்றித் தோள் மாற்றி அவரை மேலே கொண்டு சேர்த்தார்கள். ‘துஸிடாலா’, அதாவது கதை சொல்லுகிறவர் என்பது அவர்கள் அவருக்கு இட்ட பெயர்.

நிலம் பிறர் வசமாகும் என்று அவர் சொன்னது ஐந்து வருஷத்தில் பலித்தது. 1899-ல் வல்லரசுகள் ஸமோவாவைப் பங்கு போட்டன. மேற்குத் தீவுகள் ஜெர்மனிக்கு, கிழக்குத் தீவுகள் அமெரிக்காவுக்கு. பான்னி அம்மாள் விற்றுவிட்ட வைலிமா பிற்பாடு ஜெர்மன் கவர்னரின் மாளிகையாயிற்று. 1914-ல் நியூஸீலந்துப் படை வந்து இறங்கியது. 1918-ல் அந்த அரசாங்கம் தடுத்து நிறுத்தாமல் விட்ட ஒரு கப்பலின் மூலம் விஷ ஜுரம் பரவி, மேற்கு ஸமோவாவின் ஜனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். கப்பல்களை ஒதுக்கி வைத்துக் காவல் செய்த கிழக்கு ஸமோவாவில் ஒருவரும் சாகவில்லை. ‘மாவ்’ என்ற சாத்வீக இயக்கம் வலுத்தது. 1929 டிசம்பர் 28-ம் தேதி ஆப்பியா வீதியில் ஊர்வலம் வந்தவர்கள்மேல் போலீஸார் சுட்டதில் தலைவர் டமஸேஸே உயிர் நீத்தார். லாகூரில் ராவி நதிக்கரையில் நம் தலைவர்கள் பூரண சுயராஜ்யத் தீர்மானத்துக்குக் கூடியிருந்த அதே வாரம் அது. 1962 ஜனவரி 1-ம் தேதி மேற்கு ஸமோவா சுதந்திரம் பெற்றது.

பான்னி அம்மாள் 1914-ல் கலிபோர்னியாவில் காலமானார். அடுத்த வருஷம் அவருடைய குமாரத்தி அஸ்தியை எடுத்துக்கொண்டு கப்பலேறினாள். அம்மாளின் கடைசிக் கடல் பிரயாணம் அது ஒன்றுதான் வாந்தியில்லாமல் நடந்தது. மலையுச்சியில் கணவரின் சமாதியிலேயே அஸ்தியும் வைக்கப்பட்டது. ஸமோவாக்காரர்கள் அவருக்கு இட்டிருந்த பெயர் ‘ஆவோலேலே’. பறக்கும் மேகம் என்று அர்த்தம். சமாதியின் ஒரு பக்கத்தில் அப்பெயரைப் பொறித்திருக்கிறார்கள்.

வைலிமா வீடு 1994 முதல் காட்சிசாலையாக இருக்கிறது. உள்ளே, குளிர் தேசத்து வழக்கப்படி கட்டிய கணப்பு அடுப்பு ஒன்றும் உண்டு. அத்தீவின் வெயிலில் அதற்கு வேலை கிடையாது. வீட்டின் அருகிலிருந்தே மலைப் பாதை தொடங்குகிறது. செங்குத்தான வழி, மழை பெய்தால் வழுக்கும். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் புறப்படுவது உத்தமம்.