நாயை நாய் கடித்தால் யார் பொறுப்பு?

நாய் மனிதனைக் கடித்தால் செய்தியல்ல, மனிதன் நாயைக் கடித்தால்தான் செய்தி என்பது இதழியல் வகுப்புகளில் வழிவழியாகச் சொல்லப்படும் பாடம். அந்தப் பாடம் இன்று பொருந்துவதில்லை. நாய்க்கடி நாள்தோறும் தலைப்புச் செய்தியாகிறது. உச்ச நீதிமன்றம் வரை விவாதிக்கப்படுகிறது. ஆனால், நாயை நாய் கடிப்பது மட்டும் இன்னமும் எவருடைய கணக்கிலும் சேர்வதில்லை. 'இரண்டு நாய்கள் சண்டையிட்டுக் கொண்டன' என்ற ஒற்றை வாக்கியத்துடன் அது முடிந்துவிடுகிறது.

அந்த வாக்கியம் பெரும்பாலும் உண்மையை மறைக்கிறது. சண்டை என்றால் இருதரப்பும் மோத வேண்டும். கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்லப்படும் ஐந்து கிலோ எடையுள்ள சிறிய நாயின் மீது, கதவு திறந்திருந்த வீட்டிலிருந்து நாற்பது கிலோ எடையுள்ள நாய் பாய்ந்தால் அதைச் சண்டை என்று சொல்ல முடியாது, அது தாக்குதல். பெரிய நாய் சிறிய நாயின் கழுத்தையோ முதுகையோ கவ்வி உதறும்போது, தோலின் மேல் தெரிவது இரண்டு மூன்று பல் தடங்கள் மட்டுமே. உள்ளே தசை கிழிந்திருக்கலாம். விலா எலும்பு முறிந்திருக்கலாம். நுரையீரலில் துளை விழுந்திருக்கலாம். 'சிறிய காயம்தானே' என்று வீட்டுக்குத் தூக்கிச் செல்லப்படும் நாய், ஓரிரு நாள்களில் இறந்துபோவது கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த துயரம்.

பாதிப்பு நாயுடன் நிற்பதும் இல்லை. தன் நாயைக் காப்பாற்றக் குறுக்கே கையை நீட்டுபவர்தான் அடுத்துக் கடிபடுகிறார். அவர் பெரும்பாலும் மாலையில் நாயை நடத்திச் செல்லும் முதியவராகவோ, பள்ளிச் சிறாராகவோ இருக்கிறார். தாக்கிய நாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்பது தெரியாவிட்டால், ரேபிஸ் அச்சம் இரண்டு குடும்பங்களையும் பற்றிக்கொள்கிறது. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் ஏறத்தாழ 99 சதவீதம் நாய்கள் மூலமே பரவுகிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. எனவே, நாய்க்கும் நாய்க்கும் இடையிலான கடி பொதுச் சுகாதாரப் பிரச்சினையும்கூட.

இத்தகைய தாக்குதலில் நாயை இழந்தவர் காவல் நிலையத்துக்குச் சென்றால் என்ன நடக்கும்? சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் விடை தெரியும். விலங்கை வைத்திருப்பவரின் கவனக்குறைவைத் தண்டிப்பது பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆவது பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால், அந்தப் பிரிவு பேசுவது மனித உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தையும் கொடுங்காயத்தையும் பற்றி மட்டுமே. இன்னொரு விலங்குக்கு நேரும் ஆபத்து அதன் வரம்புக்குள் வரவில்லை.

விலங்கைக் கொல்வதையும் ஊனப்படுத்துவதையும் தண்டிக்கும் 325-ஆவது பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்க இடம் தருகிறது. ஆனால், சேதம் விளைவிக்கும் நோக்கமோ, சேதம் விளையும் என்ற அறிவோ இருந்தது என நிறுவினால்தான் அது பொருந்தும். கதவைச் சாத்த மறந்தவர் மீது அதைச் சுமத்துவது கடினம். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றம் என்கிறது. தூண்டாமல், தடுக்காமல் இருந்தவரைப் பற்றி அது பேசவில்லை. மேலும், அச்சட்டத்தில் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். எஞ்சியிருப்பது உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரும் வழி. மருத்துவச் செலவுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த எத்தனை பேர் முன்வருவார்கள்?

ஆக, மிகப் பரவலாக நிகழும் கவனக்குறைவு ஒன்று எந்தச் சட்டத்தின் பிடிக்குள்ளும் தெளிவாக வரவில்லை. இதனால் பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைக்காமல் போகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, முன்னெச்சரிக்கை ஒன்று வீணாவது. ஒரு நாய் மற்றொரு நாயைக் கொடூரமாகத் தாக்கியது என்பதாலேயே அது நாளை மனிதனைத் தாக்கும் என்று முடிவு கட்ட முடியாது; பிற நாய்களிடம் மட்டும் சீற்றம் காட்டி, மனிதர்களிடம் குழைந்து நிற்கும் நாய்கள் ஏராளம். ஆனால், அந்த நிகழ்வு ஒன்றைத் திட்டவட்டமாக அறிவிக்கிறது: அந்த நாய் உரிமையாளரின் கட்டுப்பாட்டில் இல்லை. அடுத்த முறை அது பாயும் திசையில் ஒரு குழந்தை நின்றால் என்னவாகும் என்ற கேள்விக்கு, கட்டுப்பாடு ஒன்றே விடை.

இந்த உண்மையைச் சில நாடுகள் சட்டமாகவே ஆக்கியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் 1998-ஆம் ஆண்டின் வளர்ப்பு விலங்குகள் சட்டம், ஒரு நாய் மனிதரையோ விலங்கையோ நோக்கிப் பாய்ந்தாலும், கடித்தாலும், துரத்தினாலும் உரிமையாளர் குற்றவாளி என்கிறது. காயம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. நாய் சீண்டப்பட்டிருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. ஸ்காட்லாந்தில் 2010-இல் இயற்றப்பட்ட நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டம், பிற விலங்குகளின் பாதுகாப்புக்கு அச்சம் ஏற்படுத்தும் நாயையும் கட்டுப்பாடற்ற நாயாகக் கருதுகிறது. உள்ளாட்சி அலுவலர் உரிமையாளருக்கு அறிவிக்கை அனுப்பலாம். பொது இடத்தில் கயிறு, வாய்மூடி, ஆண் நாய்க்குக் கருத்தடை, பயிற்சி என நிபந்தனைகள் விதிக்கலாம். நாயின் உயிரைப் பறிக்காமல், உரிமையாளரைத் திருத்த முயலும் ஏற்பாடு இது.

இங்கிலாந்தோ வேறு பாதையில் சென்றது. 1991-ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் பிட்புல் டெரியர் உள்ளிட்ட நான்கு வகைகளைத் தடை செய்தது. கட்டுப்பாடற்ற நாய் பற்றிய அதன் பிரிவு மனிதர்களுக்கு ஏற்படும் ஆபத்தையே அளவுகோலாகக் கொண்டது. பார்வையற்றோரை வழிநடத்துவது போன்ற பணிகளைச் செய்யும் உதவி நாய்கள் 2014-இல்தான் அதில் சேர்க்கப்பட்டன. முதல் தடைக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கொடிய தாக்குதல்கள் ஓயாததால், எக்ஸ்எல் புல்லி என்ற ஐந்தாவது வகையையும் 2023 டிசம்பர் 31 முதல் அந்நாடு பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. ஒரு வகையைத் தடுத்தால், பலத்தைக் காட்சிப்பொருளாக விரும்புவோர் அடுத்த வகையைத் தேடிச் செல்கிறார்கள். பிட்புல் வகையைத் தடை செய்திருந்த நெதர்லாந்து, கடிச் சம்பவங்கள் குறையவில்லை என்று கண்டு 2008-இல் அத்தடையைக் கைவிட முடிவெடுத்தது.

நாமும் இங்கிலாந்தின் பாதையில்தான் அடியெடுத்து வைக்கிறோம். 23 இன நாய்களின் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தடை விதிக்குமாறு 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. உரியவர்களுடன் கலந்தாலோசிக்கவில்லை என்று கூறி, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறிய நிகழ்வு தமிழகத்தையே உலுக்கியது. பிட்புல், ராட்வைலர் இனங்களுக்குப் புதிய உரிமம் இல்லை என்று 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி முடிவெடுத்ததன் பின்னணியில் இருப்பது இத்தகைய நிகழ்வுகள் எழுப்பிய நியாயமான அச்சம்.

உடல் வலிமையும் தாடையின் பிடியும் இனத்துக்கு இனம் வேறுபடும் என்பதில் ஐயமில்லை. பெரிய நாய் செய்யும் தவறின் விலையும் பெரிது. ஆனால், பட்டியல் ஒரு போலி நிம்மதியைத் தருகிறது. பட்டியலில் இல்லாத நாயை வைத்திருப்பவர், தனக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடுகிறார். நம் மண்ணின் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் முயல் வேட்டைக்காகத் தலைமுறைகளாக வளர்க்கப்பட்டவை. பரந்த வெளியில் ஓடப் பிறந்த அவற்றை அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் கட்டிப்போட்டு, மாலையில் பத்து நிமிடம் வெளியே கொண்டுவந்தால், குறுக்கே ஓடும் சிறு விலங்கு அவற்றின் கண்ணுக்கு இரையாகத் தெரிவதில் வியப்பில்லை. அதை அந்த நாயின் குற்றமாக்குவது நியாயமாகாது.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு கூறு உண்டு. வழக்கமாகச் சங்கிலியில் கட்டப்பட்டோ, குறுகிய இடத்தில் அடைக்கப்பட்டோ இருக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தரத் தவறுவது குற்றம் என்கிறது அது. 1960-லேயே சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்திருந்த விஷயம் இது. அதேபோல, எட்டு வாரம் நிறைவடையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள். பிறந்த மூன்றாவது வாரம் முதல் சுமார் பதினான்காவது வாரம் வரையிலான பருவத்தில்தான் குட்டி பிற நாய்களின் உடல்மொழியைக் கற்கிறது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் விளையாட்டு, எப்போது அது வலி என்பதைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான் அது பயில்கிறது. ஐந்தாவது வாரத்திலேயே பிரிக்கப்பட்டு, பிறகு வேறு நாயையே காணாமல் வளரும் குட்டிக்கு, எதிரே வரும் ஒவ்வொரு நாயும் அச்சுறுத்தலாகவே தோன்றும்.

'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியை நம்பி நாய் வளர்ப்பதும் ஆபத்து. கடிக்குமுன் நாய் பல விதங்களில் எச்சரிக்கிறது: உடல் விறைக்கும், பார்வை ஓரிடத்தில் நிலைகுத்தும், உதடு மேலெழும், உறுமல் வரும். இவற்றைப் படிக்கத் தெரிந்து, பத்தடி முன்னதாகவே பாதையை மாற்றிக்கொள்பவர்தான் பொறுப்புள்ள உரிமையாளர். 'எங்கள் நாய் ஒன்றும் செய்யாது' என்று தொலைவிலிருந்து குரல் கொடுப்பது பொறுப்பாகாது. தன்னால் இழுத்து நிறுத்த முடியாத நாயைத் தெருவுக்குக் கொண்டுவருவதும், பத்து வயதுச் சிறுவனிடம் சங்கிலியைக் கொடுத்து அனுப்புவதும், நீளும் கயிற்றில் நாயை முன்னே ஓடவிட்டுக் கைப்பேசியில் மூழ்குவதும் அலட்சியத்தின் வேறு வேறு வடிவங்கள். இப்பழக்கமுள்ள நாய்க்கு வாய்மூடி அணிவிப்பதை அவமானமாகக் கருதுவோர் உண்டு. மூச்சிரைக்க வாய் திறக்கவும் நீர் அருந்தவும் இடம் தரும் கூடை வடிவ வாய்மூடி, அந்த நாய்க்கே பாதுகாப்பு.

இதில் தெருநாய்களை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. வளர்ப்பு நாயைத் தெருநாய்க் கூட்டம் தாக்குவதும், வளர்ப்பு நாய் தெருநாயைக் குதறுவதும் நம் ஊர்களில் ஒருங்கே நிகழ்கின்றன. முன்னதற்கு உள்ளாட்சியே பொறுப்பு. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், ரேபிஸ் பாதித்த அல்லது மூர்க்கமான நாய்களை விடக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூர்க்கத்தை எதை வைத்து முடிவு செய்வது? மனிதரைக் கடித்த புகார்களை மட்டுமா, பிற நாய்களையும் ஆடுகளையும் குதறிய புகார்களையுமா? இரண்டாவது வகைப் புகார் எங்கும் பதிவாகாதவரை இக்கேள்விக்கு விடையில்லை. தெருநாயைக் குதறிய வளர்ப்பு நாயின் உரிமையாளரைக் கேள்வி கேட்கவும் ஆளில்லை. இறந்த நாய்க்கு உரிமையாளர் இல்லை என்பதால், அந்த எச்சரிக்கையும் மண்ணோடு புதைகிறது.

தீர்வுக்குப் பெரும் செலவு தேவையில்லை. வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோ சிப்பும் சென்னையில் கட்டாயமாகியுள்ளன. ஒவ்வொரு நாய்க்கும் ஓர் எண் வந்துவிட்ட பிறகு, அந்த எண்ணுக்கு எதிரே அதன் நடத்தையையும் பதிவு செய்வது எளிது. நாயை நாய் தாக்கிய நிகழ்வைப் புகாராக ஏற்கும் பொறுப்பை உள்ளாட்சிக்கு அளிக்க வேண்டும். முதல் முறை எழுத்துபூர்வ எச்சரிக்கையும் மருத்துவச் செலவை ஏற்கும் கடமையும். இரண்டாவது முறை பொது இடத்தில் வாய்மூடியும் கட்டாயப் பயிற்சியும். அதையும் மீறினால் உரிமம் ரத்து என்று படிப்படியாக நடவடிக்கை அமையலாம். ஆபத்தான விலங்கை அடைத்து வைக்க உத்தரவிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 152-ஆவது பிரிவின்கீழ் நிர்வாகத் துறை நடுவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. அதற்கு ஆதாரமாக நிற்கவும் இப்பதிவுகள் உதவும். நிரந்தரத் தீர்வாக, 291-ஆவது பிரிவில் பிற விலங்குகளுக்கு நேரும் ஆபத்தையும் நாடாளுமன்றம் சேர்க்கலாம்.

குடியிருப்போர் நலச் சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க முடியாது என்று விலங்கு நல வாரியம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளும் பொறுப்பு நாய் வளர்ப்போரின் கையில்தான் இருக்கிறது. கட்டுப்பாடில்லாத ஒரு நாயால், ஒழுங்காக வளர்க்கப்படும் நூறு நாய்களின் மீது வெறுப்பு படர்கிறது. தடைப் பட்டியல்கள் நீள்கின்றன. நாய் வளர்ப்போரே முன்வந்து இத்தகைய பதிவு முறையைக் கோர வேண்டும். ஏனெனில், நாயை நாய் தாக்கும்போது முதலில் இரையாவது அவர்கள் அன்போடு வளர்த்த உயிர்தான்.